ஐந்திலும் ஏழிலும் சொந்த ஜாஸ் மெட்டுகளைப் பதிவு செய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக்கும் பாலக்காட்டுக்கும் எல்லையான கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசும் இசைக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்கள், சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்கள், கோவில் மேளத்தில் வளர்ந்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது சொந்தமாக ஜாஸ் மெட்டு போடுகிறார்கள். ஒரு சுற்றுக்கு நேரான நாலு அடி இல்லாமல் ஐந்து, ஏழு, ஒன்பது அடி என்று. தென்னந்தோப்புக்குள் கொப்பரைக் கிடங்காக இருந்த கட்டடத்தில் நான் பதிவு வேலை செய்கிறேன். வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லைக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு ஏழில் ஜாஸ் என்றால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பவர்கள் கேரளக் கோவில்களின் பாண்டி மேளம் கேட்டதில்லை என்று அர்த்தம். அது ஏழு அட்சரத்தில், அதாவது ஏழு தாள அடியில் நடப்பது. இன்னொரு கோவில் மேளமான பஞ்சாரி ஆறு. இரண்டையும் நம் பக்கத்துச் சனம் நின்றுகொண்டே மணிக்கணக்கில் கேட்டு, சரியான இடத்தில் கையைத் தூக்குகிறது. இந்தப் பக்கம் கும்மிக்குக் கை தட்டினால் மூன்று மூன்றாகப் போகிறது. பாலக்காட்டுச் சித்தூரில் கொங்குப் படையை விரட்டியடித்ததைக் கொண்டாடும் கொங்கன் படைத் திருவிழாவுக்குக் கொங்கு நாட்டிலிருந்தே வேடிக்கை பார்க்கப் போகிற ஊர்க்காரர்கள் நாம். எல்லை மேளத்துக்கு இல்லை.

உண்மையில் ஒற்றைப்படைத் தாளத்துக்குப் புதிதாக வந்தது ஜாஸ்தான். ஆரம்ப காலத்தில் அது பெரும்பாலும் நாலில்தான் ஓடியது. அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் குழுவினர் 1959இல் கொண்டுவந்த ‘டைம் அவுட்’ இசைத்தட்டுக்குப் பிறகுதான் ஐந்தும் ஒன்பதும் பொதுமக்கள் காதுக்குப் போயின. அதற்கு முந்தைய வருடம் அந்தக் குழு இந்தியாவுக்கும் வந்து வாசித்தது.

5/4, அதாவது சுற்றுக்கு ஐந்து அடி என்றால் நம்ம கண்ட சாபு தாளம்தானே?

எண்ணிக்கை ஒன்று, பிரிப்பு வேறு. நம் காதுக்கு ஐந்து என்றால் ‘தக தகிட’, அதாவது 2+3. அந்த இசைத்தட்டில் இருக்கும் ‘டேக் ஃபைவ்’, அந்தக் குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் போட்ட மெட்டு, 3+2. பியானோ முதலில் மூன்றைப் போட்டு, பிறகு இரண்டில் ஊன்றும். மிருதங்கம் கற்ற பையன் அதற்கு வாசிக்கும்போது, அளவு சரியாக இருந்தும் ஏதோ இடிக்கிறது என்பான். இடிப்பது இதுதான்.

அதனால் மெட்டு போட்டவுடன் முதலில் தீர்மானிக்க வேண்டியது பிரிப்பு. ஏழு என்று மட்டும் சொன்னால் போதாது. ‘தகிட தகதிமி’யா, ‘தகதிமி தகிட’வா? ஒன்பது என்றால் 4+5ஆ, 2+2+2+3ஆ? டிரம்ஸ்காரர் ஒரு பிரிப்பிலும் பேஸ்காரர் வேறு பிரிப்பிலும் இருந்தால் தாளம் தப்பவே தப்பாது, ஆனாலும் பாட்டு நொண்டும். எந்த மைக்காலும் அதைச் சரி செய்ய முடியாது.

ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே வாசிக்கலாமா?

ஒத்திகையில் எண்ணுங்கள். பதிவுக்கு வரும்போது எண்ணாதீர்கள். எண்ணிக்கொண்டு வாசிப்பது பதிவில் அப்படியே கேட்கும். ஒவ்வொரு ஆவர்த்தனத்தின், அதாவது தாளச் சுற்றின், முதல் அடியும் கொஞ்சம் அழுத்தமாக விழும், ஏழாவது அடியில் ஒரு சின்னத் தயக்கம் இருக்கும். கேட்பவருக்கும் எண்ணத் தோன்றும். அவர் எண்ண ஆரம்பித்துவிட்டால் மெட்டு போச்சு.

சொல்கட்டில் சொல்லுங்கள். எண் சொல்லும்போது ‘நாலு’க்கும் ‘ஏழு’க்கும் நாக்கில் ஒரே எடை. ‘தகிட தகதிமி’யில் எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்பது வாயிலேயே இருக்கிறது. மெட்டின் முதல் வரியையும் இப்படிச் சொல்லிப் பாருங்கள். வாயில் இயல்பாக வந்தால் அந்த மெட்டுக்கு ஏழு தேவைப்படுகிறது. எங்கோ ஓர் அட்சரத்தை விழுங்கியோ இழுத்தோ சொல்ல வேண்டியிருந்தால், அது எட்டில் பிறந்த மெட்டு. வித்தியாசமாக இருக்கட்டும் என்று ஒன்றைக் கிள்ளி எடுத்திருக்கிறீர்கள். எட்டிலேயே விட்டுவிடுங்கள். திருப்புகழ் பாடுகிறவர்கள் ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று அங்கம் பிரித்துத் தாளம் போடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே சந்தம்தான் முதலில், தாளம் அதன் பின்னால் வருகிறது.

பாலிரிதம், பாலிமீட்டர் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரே நீளத்தை இரண்டு பேர் வெவ்வேறு எண்ணிக்கையாகப் பங்கு போட்டால் பாலிரிதம். ஒருவர் அதே நேரத்தில் மூன்று அடி அடிக்க, இன்னொருவர் நாலு அடிக்கிறார். ஆரம்பமும் முடிவும் ஒன்று, நடுவில் உள்ள இடைவெளிதான் வேறு. பாலிமீட்டரில் அட்சரத்தின் வேகம் இருவருக்கும் ஒன்று, சுற்றின் நீளம் வேறு. பேஸ் ஏழில் சுற்ற, டிரம்ஸ் நாலில் சுற்றுகிறது. முதல் சுற்று முடிந்ததும் சமம், அதாவது சுற்றின் முதல் அடி, விலகிவிடும். 28 அட்சரம் கழித்து, ஏழின் நாலு சுற்றும் நாலின் ஏழு சுற்றும் முடிகிற இடத்தில் திரும்பச் சந்திக்கும். கோர்வை வைத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்திப்பின் சுகம் தெரியும்.

பாலிரிதத்தில் எல்லோரும் கேட்பது நாலுக்கு ஐந்து. அதைப் பழக எனக்குத் தெரிந்த நல்ல வழி இது. ‘தக தகிட’ என்று நாலு முறை சொல்லுங்கள், மொத்தம் இருபது எழுத்து. ஒவ்வொரு ‘தக தகிட’வின் தொடக்கத்திலும் காலைத் தட்டுங்கள். இப்போது கையை நாலு எழுத்துக்கு ஒருமுறை தட்டுங்கள். முதல் தட்டு முதல் ‘த’வில் காலோடு சேர்ந்து விழும். அடுத்தது அதே சொல்லின் கடைசி ‘ட’வில். மூன்றாவது, இரண்டாம் சொல்லின் ‘கி’யில். நாலாவது, மூன்றாம் சொல்லின் நடு ‘த’வில். ஐந்தாவது, நாலாம் சொல்லின் ‘க’வில். அடுத்த தட்டு மறுபடி முதல் ‘த’. கை ஒவ்வொரு முறையும் சொல்லுக்குள் ஓர் எழுத்து பின்வாங்கிக்கொண்டே வருகிறது, அவ்வளவுதான். அவசரமில்லாமல் சொல்லுங்கள். கால் நாலு, கை ஐந்து. இதை நடந்துகொண்டே செய்ய வந்துவிட்டால் டிரம்ஸில் உட்காரலாம்.

ஏழில் ஸ்விங், அதாவது ஜாஸின் ஆட்டமான நடை, வருமா? எங்கள் டிரம்ஸ்காரர் ரைடு வாசித்தால் ராக் மாதிரி ஆகிவிடுகிறது.

வரும். ரைடு சிம்பலில் வாசிக்கும் வழக்கமான ஸ்விங் வாசிப்பு இரண்டு அடி நீளம் கொண்டது. ஏழில் அதை மூன்று முறை போட்டால் ஓர் அடி மிஞ்சும். அந்த மிஞ்சிய ஒற்றை ‘டிங்’கை எங்கே வைக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைசியில் வைத்தால் 4+3 ஆகக் கேட்கும், மூன்றாவது அடியில் வைத்தால் 3+4. சில டிரம்ஸ்காரர்கள் சுற்றுக்குச் சுற்று மாற்றி வைப்பார்கள். கேட்க அழகு, ஆனால் பேஸ்காரருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ராக் மாதிரி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் காலால் மிதிக்கும் கிக் டிரம். ஒவ்வொரு பிரிவின் தலையிலும் கிக்கை ஓங்கி மிதிக்கிறார். சுற்று தொலைந்துவிடுமோ என்ற பயம். பேஸ் ஏழு அடியும் நடந்துகொண்டிருக்கும்போது கிக்குக்கு அங்கே வேலையே இல்லை. அதை விட்டுவிடச் சொல்லி ஒரு டேக் எடுத்துப் பாருங்கள்.

காதில் தாளம் காட்டும் கிளிக் வைத்து வாசிப்பதா, இல்லாமலா?

நாலு பேரும் ஒரே அறையில் வாசிப்பதாக இருந்தால் கிளிக் வேண்டாம் என்பது என் கட்சி. பின்னால் வேறு ஊரிலிருந்து சாக்ஸபோன் பதிந்து அனுப்பப் போகிறார்கள், கணினியில் தாளக்கட்டு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் கிளிக் தேவை. அப்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது வேகம். பெரும்பாலான ரெக்கார்டிங் மென்பொருள்கள் 7/8இலும், அதாவது சுற்றுக்கு ஏழு அரைக்கால் நோட்டு வரும்போதும், வேகத்தைக் கால் நோட்டில்தான் கணக்கிடும். உங்கள் அரைக்கால் நோட்டு நிமிடத்துக்கு 280 ஓடினால் அங்கே 140 என்று கொடுக்க வேண்டும். அப்போது ஓர் ஆவர்த்தனம் சரியாக 1.5 விநாடி. ஸ்டாப்வாட்சில் பத்து ஆவர்த்தனம் பார்த்தால் 15 விநாடி வர வேண்டும். வராவிட்டால் அமைப்பில் தப்பு.

இரண்டாவது, ஏழு அடிக்கும் டிக் டிக் என்று அடிக்கும் கிளிக். அந்த வேகத்தில் காதில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும், யாருக்கும் வாசிக்க வராது. சமத்தில் மட்டும் ஓர் அடி வையுங்கள். அது போதவில்லை என்றால் பிரிவின் தலைகளில் மட்டும். எனக்குப் பிடித்தது இன்னொன்று: 7/8க்குக் கால் நோட்டில் ஓடும் கிளிக். ஒரு சுற்றில் சமத்தில் விழும், அடுத்த சுற்றில் சமத்தைத் தாண்டி விழும், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சேரும். ஆரம்பத்தில் தலை சுற்றும். பழகிவிட்டால் வாசிப்பில் மிதப்பு வரும்.

மூன்றாவது, நடுவில் தாளம் மாறும் இடங்கள். ஏழு ஏழாகப் போய் ஒரே ஓர் ஆவர்த்தனம் ஐந்து வருகிறது என்றால், அதை மென்பொருளில் முந்தின நாளே போட்டுக் கொண்டு வாருங்கள். நாலு பேர் காத்திருக்கும்போது அந்த வேலையைச் செய்தால் எல்லோருக்கும் கை ஆறிவிடும்.

தனித்தனியாகப் பதிந்து சேர்க்கலாமே? வேலை சுலபம் அல்லவா?

சினிமாப் பாட்டுக்குச் சரி. இதற்கு வேண்டாம். பாலிமீட்டர் ஓடும்போது ஒருவர் மற்றவரின் தலையசைப்பைப் பார்த்துத்தான் சந்திப்புக்கு வருகிறார். டிரம்ஸும் பேஸும் மட்டுமாவது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். பேஸ் கிட்டாரை நேரே கம்பி வழியாக எடுத்துவிட்டால் அறைக்குள் அதன் சத்தமே இருக்காது. பியானோவுக்குக் கீபோர்டு என்றால் அதுவும் அப்படியே. மீதி டிரம்ஸும் ஊதுகருவியும். இரண்டுக்கும் நடுவில் பழைய பஞ்சு மெத்தையை நிறுத்தினால் போதும்.

ஒருவர் மைக்கில் மற்றவர் சத்தம் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஜாஸுக்கு அது கெடுதல் இல்லை. டிரம்ஸுக்கு மேலே இரண்டு மைக், 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 பாகை விரிவு. கிக்குக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று. நாலே மைக். பன்னிரண்டு மைக் வைக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் முதலில் இந்த நாலைப் போட்டுக் காட்டுவேன். பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

செண்டை, மிருதங்கம் சேர்க்க ஆசை. சரியாக வருமா?

வரும். ஆனால் இரண்டும் இரண்டு விதமான பிரச்சினை.

மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை சுருதிக்குச் சேர்ந்தது. ஜாஸ் மெட்டில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, நாலு இடத்துக்குத் தாவும். சாக்ஸபோன்காரர் தனக்கு வசதியான சுருதியில் எழுதியிருப்பார். மெட்டு எந்த ஸ்வரத்தில் நிலைகொள்கிறது என்று முன்பே சொல்லிவிட்டால் மிருதங்கக்காரர் அதற்கேற்ற மிருதங்கத்தைக் கொண்டுவருவார். தாவும் இடங்களில் மீட்டுச் சொற்களைக் குறைத்து, மூடிய சொற்களாக வாசிக்கச் சொல்லுங்கள்.

செண்டைக்கு இந்தக் கவலை இல்லை, அதற்குச் சத்தம்தான் கவலை. கோவில் வெளியில் நூறு பேருக்கு நடுவில் கேட்கச் செய்த வாத்தியம் அது. அறைக்குள் வைத்தால் பியானோ, பேஸ் எல்லாமே செண்டையாகிவிடும். நான் ஆசானைத் திண்ணையில் உட்கார வைத்து, மைக்கை ஒன்றரை மீட்டர் தள்ளி வைப்பேன். அப்போது அவர் ஹெட்போன் போட்டே ஆக வேண்டும். சத்தம் காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடி எடுக்கும். 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் சன்னல் வழியாகக் கேட்டு வாசித்தால் 44 மில்லிவிநாடி பின்னால் நிற்பார். நிதானமான நாலில் அது சமாளிக்கக் கூடியது. மேலே சொன்ன 280 வேக ஏழில் அடுத்த அட்சரத்தை நோக்கி ஐந்தில் ஒரு பங்கு வழி போய்விடும்.

பெரியவர்களுக்கு ஹெட்போன் பிடிக்காது. “காதை அடைச்சுட்டு எப்படீங்க தம்பி கொட்டறது?” என்று கேட்டார் ஒருவர். “ஒரு காதுக்கு மட்டும் போட்டுக்கங்க ஆசானே” என்றேன். ஒரு காதோடு வாசித்தார், சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரு காது என்றே வைத்திருக்கிறேன்.

பஞ்சாரியை அப்படியே ஜாஸில் வைக்கலாமா?

அப்படியே வைத்தால் பஞ்சாரிக்குப் பின்னால் கீபோர்டு ஒலிப்பதாக இருக்கும். வேண்டாம். அதன் கட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாரிக்கு ஐந்து காலம், அதாவது ஐந்து வேகக் கட்டம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம். பிறகு 48, 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் சுற்று பாதியாகச் சுருங்க, வேகம் ஏறுகிறது. பாண்டியில் இதே மாதிரி 56, 28, 14, 7.

ஜாஸில் வழக்கமாக மெட்டு, சோலோக்கள், திரும்ப மெட்டு என்று கோரஸ், அதாவது மெட்டின் ஒரு முழுச் சுற்று, நீளம் மாறாமல் ஓடும். அதற்குப் பதிலாக, முதல் சோலோவுக்கு 56 அட்சரச் சுற்று, அடுத்தவருக்கு 28, அடுத்தவருக்கு 14, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஏழில் என்று வைத்துப் பாருங்கள். கார்ட்களும் அதே விகிதத்தில் நெருங்கி வரும். மேளக்காரர்கள் பல தலைமுறையாகச் சனத்தைக் கட்டிப்போடும் வித்தை இது. இரவல் வாங்கினதாகக் கேட்பவருக்குத் தோன்றவும் தோன்றாது. இந்தப் பகுதியிலிருந்து வருகிற மெட்டுகளில் நான் கேட்க விரும்புவது இந்த மாதிரி ஒன்றைத்தான். கொச்சியிலோ சென்னையிலோ இருப்பவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குச் சின்ன வயதிலேயே காதில் விழுந்தது.

சோலோ வரும்போது மட்டும் தாளம் கலைகிறது. என்ன செய்வது?

மெட்டு ஏழில் இருந்தால் சோலோவும் ஏழில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஏழிலேயே வேண்டும் என்றால், ஒரே கார்டில் நாலு சுற்று நிற்கும்படி எளிதாக்குங்கள். கீபோர்டுக்காரர் இடது கையில் ஒரே வாசிப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும். அப்புறம் பாருங்கள்.

காற்று, மோட்டார், கரண்ட்: இந்த ஊரில் எப்போது பதிவு செய்வது நல்லது?

பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உட்கார்ந்திருக்கிறோம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து, கார்த்திகையில் வரும் விருச்சிகக் காற்று கிழக்கிலிருந்து. இரண்டிலும் தென்னை ஓலை அடிக்கும் சத்தம் சன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். அறைச் சத்தத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் உறுமல் போகும், ஓலைச் சத்தம் போகாது. மாசி, பங்குனி தேவலை, வெக்கைதான்.

காற்றைவிடப் பெரிய தொல்லை பம்பு செட். மும்முனை மின்சாரம் வந்தவுடன் தோப்பு முழுக்க மோட்டார் ஓடும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கிட்டார் பிக்கப்பில் ஏறிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் முறை எந்த நேரம் என்று கேட்டு வைத்துக்கொண்டுதான் நான் நேரம் கொடுப்பேன். மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுங்கள். இரவில் மோட்டார் நின்றாலும் சில்வண்டு ஆரம்பித்துவிடும், அது சிம்பல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காரும். விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை நல்ல நேரம். ஜாஸ்காரர்களை அந்நேரத்துக்கு எழுப்புவது தனிப் பாடு.

தப்பை வெட்டி ஒட்டிச் சரி செய்யலாமா?

கொஞ்சம் செய்யலாம். நாலில் இருந்தால் எந்த ஆவர்த்தனத்தையும் எடுத்து எங்கேயும் ஒட்டலாம். பாலிமீட்டரில் முடியாது. ஏழும் நாலும் ஓடுகிற இடத்தில் மூன்றாவது சுற்றை எடுத்து ஐந்தாவது சுற்றில் வைத்தால், பேஸ் சரியாக இருக்கும், ஸ்நேர் இடம் மாறியிருக்கும். ஆகவே 28 முடிந்து சந்திக்கிற இடத்தில் மட்டும் வெட்டுங்கள். அந்த இடங்களை டேக் ஓடும்போதே பேனாவால் குறித்துக்கொள்வேன்.

இன்னொன்று, ரைடு சிம்பலின் ஓசை அடங்க நேரம் எடுக்கும். பலமான ஓர் அடிக்குச் சற்று முன்னால் வெட்டினால் அந்த அடி ஒட்டை மறைத்துவிடும். அடிகளை மென்பொருளின் கட்டத்தில் நேராக நிறுத்துகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 3+4இல் அந்த மூன்று கொஞ்சம் இழுத்தும் நாலு கொஞ்சம் நெருக்கியும் விழுவதுதான் நடை. அதை நேராக்கினால் கணக்கு மிஞ்சும், நடை போய்விடும்.

எவ்வளவு சத்தமாக மாஸ்டர் செய்வது?

ஸ்பாட்டிஃபை மாதிரியான தளங்கள் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கின்றன. அதற்கு மேல் நசுக்கி ஏற்றினால் அவர்களே குறைத்துவிடுவார்கள், நசுங்கியதுதான் மிச்சம். ஜாஸுக்கு மைனஸ் 16, 17 இருந்தாலும் குறையில்லை. பதியும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும்.

மெட்டு என்னுடையது, தாளக்கட்டு டிரம்ஸ்காரருடையது. உரிமை யாருக்கு?

வாசிப்பதற்கு முன்பே பேசி, ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி இசையமைப்பின் உரிமை அமைத்தவர் காலத்துக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் இருக்கும். காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை, அங்கே பதிந்து வைத்தால் வழக்கென்று வரும்போது சான்று. ‘தகிட தகதிமி’ யாருக்கும் சொந்தமில்லை, ஏழாக ஓடும் மிஸ்ர நடையும் பொதுச் சொத்து. ஆனால் அந்த மெட்டையே தூக்கி நிறுத்துகிற ஒரு தாளக்கட்டை டிரம்ஸ்காரர் உண்டாக்கியிருந்தால், அவர் பெயரையும் அமைத்தவர் பட்டியலில் சேருங்கள். அதில் கஞ்சத்தனம் பார்க்கிறவர்களிடம் அடுத்த மெட்டுக்கு நல்ல டிரம்ஸ்காரர் வர மாட்டார்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒவ்வொருவருக்கும் தாளில் அச்சடித்த சார்ட், அதாவது மெட்டின் இசைக் குறிப்பு. செல்போனில் பார்த்து வாசித்தால் நடுவில் திரை அணையும். ஆவர்த்தனத்துக்கு எண் போட்டிருக்க வேண்டும். பிரிப்பை 3+4 என்று மேலே எழுதியிருக்க வேண்டும். சந்திக்கும் இடங்களில் ஒரு வட்டம். மெட்டை நீங்களே வாயால் பாடி, கையால் தாளம் போட்டுச் செல்போனில் பதிந்த ஒரு பிரதி. கணினியில் செய்த மாதிரிப் பாட்டைவிட எனக்கு அதுதான் உதவும். புதுக் கம்பி மாட்டுவதென்றால் இரண்டு நாள் முன்பே மாட்டிவிடுங்கள், இங்கே வந்து மாட்டினால் சுருதி நிற்காது. ஸ்நேர் டிரம்முக்கு ஒரு மாற்றுத் தோல். மூன்று மெட்டுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். சாப்பாடு வீட்டிலேயே சமைப்போம். கோபாலபுரம் வழியாக வருகிறவர்கள் வண்டியில் டிரம்ஸ் இருந்தால் செக்போஸ்டில் திறந்து காட்டச் சொல்லலாம், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக் கிளம்புங்கள்.